மலேசியாவில் பள்ளி ஆண்டு ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குப் போய் மீண்டும் ஜனவரிக்கு வந்தது ஏன்?

கோலாலம்பூரில் வசிக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய மூத்த மகன் 2022 மார்ச்சில் முதலாம் ஆண்டில் சேர்ந்தான். இளைய மகள் 2026 ஜனவரியில் சேர்ந்திருக்கிறாள். அவரும் அவருடைய அம்மாவும் ஜனவரியில் பள்ளிக்குப் போனவர்கள். தமிழ்நாட்டிலுள்ள உறவுக்காரப் பிள்ளைகளோ ஜூனில் போகிறார்கள். ஏன் இப்படி மாறி மாறி வருகிறது, மழைக்காலத்துக்காகத்தான் நம் நாட்டில் டிசம்பர் விடுமுறை வைத்தார்கள் என்று சொல்வது உண்மையா, இனியும் மாறுமா என்று கேட்கிறார். இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி, ஒரு பிள்ளை படிக்கத் தொடங்குவதற்கு இயற்கையாகப் பொருந்திய மாதம் என்று ஒன்று உண்டா, அல்லது பெரியவர்களின் அலுவல் வசதிக்கு ஏற்ப அது அமைகிறதா என்பதே என்று எடுத்துக்கொள்கிறேன். பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவும் பின்னர்த் தலைமையாசிரியராகவும் இருந்தவன் என்ற முறையில், அமைச்சு அனுப்பும் நாட்காட்டியை வைத்துப் பள்ளியின் தக்விம் எனப்படும் ஆண்டு நாட்காட்டியைத் தயாரிக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். என் அனுபவம் தொடக்கப்பள்ளியைச் சேர்ந்தது. இடைநிலைப்பள்ளியைப் பற்றிச் சொல்லும் இடங்களில் வெளியிலிருந்து பார்த்தவனாகவே பேசுகிறேன்.

முதலில் ஐயமில்லாமல் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதத் தொடக்கம் யாரும் நன்மை தீமை ஆராய்ந்து தேர்ந்தெடுத்த ஒன்றன்று. கோவிட் காலத்தில் இழந்த நாட்களுக்கு ஈடு செய்யப் போய்ப் பள்ளி ஆண்டு நீண்டது. நீண்டது அடுத்த ஆண்டின் தொடக்கத்தைத் தள்ளியது. 2020 மார்ச் நடுவில் ஒரு வார விடுமுறைக்காக வீட்டுக்குப் போன பிள்ளைகள், 18 மார்ச் அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததால் பள்ளிக்குத் திரும்பவில்லை. தேர்வு எழுதவிருந்த, இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் படிவ மாணவர்கள் 24 ஜூன் அன்று திரும்பினார்கள். முதலாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரையிலான சிறு பிள்ளைகள் திரும்ப 22 ஜூலை ஆயிற்று. நவம்பரில் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். அந்த ஆண்டில் 2021-க்குத் தள்ளிப்போனது. 2021-ஆம் ஆண்டுக்கான பள்ளித் தவணை 20 ஜனவரி அன்று, பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கற்றல் என்ற நிலையில் தொடங்கி, இடையில் பலமுறை அறுபட்டு, 2022-இன் தொடக்க மாதங்கள் வரை நீட்டிக்கப்பட்டது. அந்த நீட்டிப்பு முடிந்த பிறகே உங்கள் மகனின் வகுப்பு தொடங்க முடிந்தது. அதனால்தான் 2022 மார்ச்.

பள்ளி ஆண்டை நீட்டுவது எளிது. இருக்கிற வகுப்பை இன்னும் சில வாரம் நடத்தினால் போதும். நீண்டதைச் சுருக்கிப் பழைய இடத்துக்குக் கொண்டு வருவதுதான் கடினம். ஏனென்றால் எங்கிருந்தாவது நாட்களை வெட்ட வேண்டும். மூன்று மாதத்தை ஒரே ஆண்டில் வெட்டினால் ஒன்று பாடத்திட்டம் உடையும், அல்லது பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் ஓய்வே இல்லாமல் போகும். ஆகவே சிறிது சிறிதாக வெட்டினார்கள். சனி, ஞாயிறு ஓய்வு கொண்ட, பினாங்கும் கோலாலம்பூரும் அடங்கிய பி பிரிவு மாநிலங்களில் பள்ளி திறந்த நாட்களைப் பாருங்கள்: 2022-இல் 21 மார்ச், 2023-இல் 20 மார்ச், 2024-இல் 11 மார்ச், 2025-இல் 17 பிப்ரவரி, 2026-இல் 12 ஜனவரி. எஸ்.பி.எம். முடிவுகள் வெளியான நாட்களும் இதே பாதையில் பின்வாங்கின: 2022-இல் 16 ஜூன், 2023-இல் 8 ஜூன், 2024-இல் 27 மே, 2025-இல் 24 ஏப்ரல். கோவிட்டுக்கு முன் பல்லாண்டுகளாக அம்முடிவுகள் மார்ச்சில் வந்துகொண்டிருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்த இரண்டு வரிசைகளும் ஒரே திட்டத்தின் இரு முகங்கள் என்பது விளங்கும். தேர்வை முன்னுக்குக் கொண்டு வராமல் பள்ளித் தொடக்கத்தை மட்டும் ஜனவரிக்கு மாற்றியிருந்தால், ஒரே பள்ளியில் முந்தைய ஆண்டின் தேர்வு மாணவர்களும் புதிய ஆண்டின் மாணவர்களும் ஒருசேர இடம் கேட்டிருப்பார்கள்.

பக்கத்து நாடான இந்தோனேசியா இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. அங்கும் பள்ளி ஆண்டு ஜனவரியில்தான் தொடங்கிக்கொண்டிருந்தது. 1970-களின் இறுதியில் கல்வியமைச்சராயிருந்த தாவுத் யூசுப் அதை ஜூலைக்கு மாற்றினார். அதற்காக 1978-ஆம் ஆண்டின் வகுப்புகள் 1979 ஜூன் வரை நீட்டிக்கப்பட்டன. அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் ஒன்றரை ஆண்டு இருந்தார்கள். நாடு முழுவதற்கும் ஒரே முறையாகச் செய்த வேலை. குழப்பம் ஒரு முறையோடு தீர்ந்தது, ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் வாழ்விலும் அரை ஆண்டு கூடுதலாகச் செலவானது. பழைய இடத்துக்குத் திரும்ப நாம் தேர்ந்தெடுத்த முறையில் யாரும் ஒரே வகுப்பில் கூடுதல் காலம் தங்கவில்லை. அதற்கு ஈடாகத் தொடர்ந்து வந்த தவணைகளில், குறிப்பாக 2025-இல் தொடங்கிய தவணையில், படிப்பதற்கும் ஓய்வெடுப்பதற்கும் இருந்த இடைவெளி குறுகியது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், தொடக்கப்பள்ளி ஆசிரியன் என்ற முறையில் நம் முறையே மேல் என்பேன். ஆனால் அதன் சுமை யார் தோளில் விழுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அது முதலாம் ஆண்டு வகுப்பின் மீது விழுந்தது. 1998-ஆம் ஆண்டின் கல்வி ஒழுங்குமுறை விதிகளின்படி ஒரு பள்ளி ஆண்டில் குறைந்தது 190 பள்ளி நாட்கள் இருக்க வேண்டும் என்பதால், சுருக்கிய தவணையிலும் அந்த எல்லைக்குக் கீழே போக இயலாது. வெட்டெல்லாம் விடுமுறையிலும் இடைவெளியிலும்தான். ஆறாம் ஆண்டு மாணவனுக்கு ஒரு வாரம் குறைந்தால் ஆசிரியர் மாற்று வகுப்பு வைத்து ஈடுகட்டலாம். முதலாம் ஆண்டில் அப்படி ஈடுகட்ட முடியாத வேலைகள் பல உண்டு. பென்சிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடிக்கப் பழகுவது, அகரத்தின் சுழியைத் தொடங்கும் இடத்திலிருந்து சரியாகத் தொடங்கி எழுதுவது, சிற்றுண்டிச்சாலையில் வரிசையில் நின்று காசு எண்ணிக் கொடுப்பது, கழிவறைக்குப் போக ஆசிரியரிடம் வாய் திறந்து கேட்பது ஆகியவை நாள் கணக்கில் நடக்க வேண்டியவை. இவற்றை அடுத்த மாதத்துக்குத் தள்ளி இரட்டிப்பாகச் செய்ய முடியாது. இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. பல தனியார் பாலர் பள்ளிகள் கோவிட் ஆண்டுகளுக்குப் பிறகும் ஜனவரி முதல் நவம்பர் வரை என்ற பழைய கணக்கிலேயே நடந்தன. நவம்பரில் பாலர் பள்ளியை முடித்த பிள்ளை மார்ச் வரை நான்கு மாதம் வீட்டில் இருந்தது. பாலர் பள்ளியில் நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளை இங்கே வந்ததும் எழுத மறுக்கிறதே என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் தாய்மார்கள் கவலைப்பட்டதற்கு அந்த நான்கு மாதம் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும். அதுவே முழுக்காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைகள் பாலர் பள்ளிக் காலத்தில் பாதியை அடைபட்ட வீடுகளில் கழித்தவர்கள்.

இனி, ஜனவரி என்பதே எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வருவோம். இங்கிலாந்துப் பள்ளிகள் செப்டம்பரில் தொடங்குபவை. ஆங்கிலேயர் ஆண்ட மலாயாவிலோ பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கியது. ஏன் அவர்கள் தங்கள் வழக்கத்தையே இங்கும் கொண்டு வரவில்லை என்று பலர் வியப்பதுண்டு. இதற்கு இரண்டு காரணங்கள் கண்முன் தெரிகின்றன. ஒன்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நடத்திய தேர்வுகள். 1858 டிசம்பரில் முதன்முதலாக நடந்த அந்தத் தேர்வு, கடல்கடந்த மையங்களில் ஆண்டிறுதித் தேர்வாகவே நிலைத்துவிட்டது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சீனியர் கேம்பிரிட்ஜ் எழுதிய தலைமுறையினர் டிசம்பரில் எழுதி, விடைத்தாள்கள் கப்பலேறிப் போய்த் திருத்தப்பட்டு முடிவு வரும்வரை காத்திருந்தவர்கள். டிசம்பரில் தேர்வு என்றால் பாடம் ஜனவரியில் தொடங்குவதுதான் பொருந்தும். பின்னாளில் எஸ்.பி.எம். அந்த இடத்துக்கு வந்தபோதும் நவம்பர், டிசம்பர் என்ற பருவம் மாறவில்லை. மற்றொன்று, அரசாங்கத்தின் கணக்கு ஆண்டு. நம் நாட்டு வரவு செலவுத் திட்டம் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்குமானது. ஆசிரியர் நியமனம், பாடநூல், மானியம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. இவ்விரண்டில் எது முதலில் வந்தது, எது மற்றதை இழுத்தது என்பதை உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே திசையில் இழுத்தன என்பது மட்டும் உறுதி.

கணக்கு ஆண்டுக்குப் பள்ளியை நகர்த்தும் வலிமை உண்டு என்பதற்கு ஜப்பான் தெளிவான சான்று. மெய்ஜி காலத்தில் அங்கே மேனாட்டு வழக்கத்தைப் பார்த்து உயர்கல்வி நிலையங்கள் செப்டம்பரில் தொடங்கின. 1886-இல் அரசின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும் என்று ஆனதும், அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகள் ஒவ்வொன்றாக ஏப்ரலுக்கு வந்து சேர்ந்தன. கடைசியாக 1921-இல் பல்கலைக்கழகங்களும் வந்தன. இன்று செர்ரி மலர்கள் பூக்கும் பருவத்தில் பள்ளி தொடங்குவது ஜப்பானியப் பண்பாட்டின் அழகு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தொடக்கத்தில் அது கருவூலத்தின் ஏற்பாடு. 2020-இல் கோவிட்டைக் காரணமாக வைத்துச் செப்டம்பருக்கு மாறலாமா என்று அந்த நாட்டு அரசு ஆலோசித்தது. வேலை நியமனம், தேர்வு, பாலர் பள்ளி என எல்லாவற்றையும் சேர்த்து நகர்த்த வேண்டியிருந்ததால் சில வாரங்களிலேயே கைவிட்டது.

மழைக்காலக் காரணத்தைப் பொறுத்தவரை, நம்மிடையே பரவியிருக்கும் விளக்கம் பாதிதான் பொருந்துகிறது. வடகிழக்குப் பருவமழை நவம்பரிலிருந்து கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களை வருத்துவது உண்மை. அங்கே டிசம்பரில் பள்ளி மூடியிருப்பது பெரிய நன்மை. வெள்ளம் வந்தால் பள்ளிக் கட்டடங்களே துயர்துடைப்பு மையங்களாகின்றன. ஆனால் பினாங்கின் கனமழை செப்டம்பர், அக்டோபரிலேயே உச்சத்தை அடைந்துவிடும். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து இங்கே வறண்ட காலம். கோலாலம்பூருக்கும் ஏப்ரல், நவம்பர் என இரண்டு மழை உச்சங்கள் உண்டு. மழைக்காக நாட்காட்டி வகுக்கப்பட்டிருந்தால், ஆங்கிலப் பள்ளிகள் முதலில் எழுந்த மேற்குக் கரை நகரங்களுக்கு அது பொருந்தியிருக்க வேண்டும். கிழக்குக் கரை அளவுக்கு வெள்ளத்துக்கு அஞ்சத் தேவையில்லாத சிங்கப்பூரிலும் நவம்பர், டிசம்பரில்தான் நீண்ட விடுமுறை. ஆகவே மழை காரணமாக வந்த விடுமுறை என்பதைவிட, வேறு காரணத்தால் வந்த விடுமுறை கிழக்குக் கரைக்கு மழைக்காலத்தில் உதவியாக அமைந்தது என்பதே பொருத்தம். அந்த உதவி எவ்வளவு பெரியது என்பது அது இல்லாத ஆண்டுகளில் தெரிந்தது. 2024 நவம்பர் இறுதியில் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் வடக்கு மாநிலங்களிலும் வெள்ளம் சூழ்ந்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தபோது, பள்ளித் தவணை முடியவில்லை, எஸ்.பி.எம். மாணவர்கள் தேர்வை எதிர்நோக்கிக் கொண்டிருந்தார்கள். பழைய நாட்காட்டியும் முழுப் பாதுகாப்பன்று என்பதற்கு 2014 டிசம்பர் பெருவெள்ளமே சாட்சி; அதனால் 2015-இன் பள்ளித் தொடக்கம் நாடு முழுவதும் ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது.

இதேபோன்ற பாதி உண்மை அமெரிக்காவின் நீண்ட கோடை விடுமுறையைப் பற்றியும் உலவுகிறது. பிள்ளைகள் வயல் வேலைக்குப் போவதற்காக அந்த விடுமுறை என்பார்கள். வேளாண் வேலை மிகுந்தது விதைக்கும் வசந்தத்திலும் அறுக்கும் இலையுதிர் காலத்திலும்தான். பழைய கிராமப் பள்ளிகள் அந்தக் காலங்களில் மூடி, குளிரிலும் கோடையிலும் நடந்தன. நகரப் பள்ளிகளோ 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏறக்குறைய ஆண்டு முழுதும் இயங்கின. இரண்டையும் ஒருமைப்படுத்த முனைந்தபோது நகர வெப்பமும், வசதியுள்ள குடும்பங்கள் வெளியூர் போகும் வழக்கமும், ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்து கோடையை விடுமுறையாக்கின.

தமிழ்நாட்டின் ஜூன் தொடக்கத்தில் மட்டும் இயற்கையின் கை நேராகத் தெரிகிறது. ஏப்ரல், மே வெயிலில் பிள்ளைகளை ஓட்டுக்கூரைக்கும் தகரக் கூரைக்கும் அடியில் உட்கார வைக்க முடியாது என்பதால் விடுமுறை அங்கே விழுந்தது. இப்போது வெயில் ஜூனுக்குள்ளும் நீள்வதால் 2023-இல் பள்ளி திறப்பை ஆறாம் வகுப்புக்கு மேல் 12 ஜூன் வரையும் தொடக்க வகுப்புகளுக்கு 14 ஜூன் வரையும் தள்ளிப்போட வேண்டியிருந்தது. பிலிப்பீன்ஸ் கோவிட் காலத்தில் ஜூன் தொடக்கத்தைக் கைவிட்டு, பிறகு ஏப்ரல், மே வெயிலில் வகுப்பு நடத்தித் துன்பப்பட்டு, 2025 ஜூனில் பழைய இடத்துக்கே திரும்பியது. நம் நாட்டில் ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே வெப்பம் என்பதால் இத்தகைய கட்டாயம் இல்லை. எல் நினோ ஆண்டுகளின் வெயிலும், 2015-லும் 2019-லும் வந்த புகைமூட்டமும் பள்ளிகளை மூட வைத்தாலும், அவை நாட்காட்டிக்குள் அடங்காத இடையூறுகள்.

இயற்கைக் கட்டாயம் இல்லாத நாட்டில் நாட்காட்டியின் உண்மையான நெருக்கடி குடும்பங்களின் கையிருப்பிலும் பண்டிகைகளிலும் இருக்கிறது. தோட்டங்களில் இதை முதியவர்கள் நன்கு அறிவார்கள். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது, பள்ளி வந்தது. ஆனால் அதன் நாள்கணக்கு பெற்றோரின் வருமானத்தோடு ஒத்துப்போகவில்லை. ஜனவரியில் உடுப்பும் காலணியும் வாங்கி முடிக்கும்போது, பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறையும். பெரட்டுக்குப் (விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் கூட்டத்துக்கு) போய் வந்தாலும் கையில் வரும் பணம் சுருங்கிய அந்த மாதங்களில்தான் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நிற்பது கூடுதல் என்று மூத்த ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று தோட்டங்கள் குறைந்துவிட்டன. ஆனால் தீபாவளிச் செலவு முடிந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் பள்ளிச் செலவு என்ற நெருக்கம் நம் குடும்பங்களுக்கு ஜனவரியோடு திரும்பி வந்திருக்கிறது. மாணவர் ஒவ்வொருவருக்கும் தரப்படும் 150 ரிங்கிட் தொடக்ககால உதவித்தொகை இதில் ஒரு பகுதியைத் தாங்குகிறது.

பண்டிகைகளில் நமக்கு ஒரு நன்மையும் திரும்பியிருக்கிறது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் பள்ளி மூடியிருந்ததால், பிள்ளைகள் விடியற்காலையில் கோயில் பஜனைக்குப் போக முடிந்தது. திருப்பாவை, திருவெம்பாவை வகுப்புகளைக் கோயில்கள் அந்த விடுமுறையை நம்பித்தான் வைத்தன. சபரிமலைக்கு மாலை போட்டு மகனையும் உடன் அழைத்துப் போகும் தந்தையரும் அதே விடுமுறையை நம்பியவர்கள். 2022 முதல் 2024 வரை டிசம்பரின் ஒரு பகுதியிலும் வகுப்புகள் நடந்தபோது, மார்கழிக் காலையில் கோயிலில் பெரியவர்களின் குரல் மட்டுமே ஒலித்ததை நான் வருத்தத்தோடு கவனித்தேன். நாட்காட்டி வகுப்பவர்களின் கணக்கில் இது வராது. வர வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு எதை எப்போது கற்றுக்கொடுக்கிறது என்பதில் இந்த மாற்றம் தொட்ட இடம் அது.

வார விடுமுறையும் இதில் சேர்ந்ததே. கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் வெள்ளியும் சனியும் ஓய்வு; அதனால் அவை ஏ பிரிவாகி ஒரு நாள் முன்னதாக, ஞாயிற்றுக்கிழமையில் பள்ளி திறக்கின்றன. ஜொகூர் 2014-இல் அந்த முறைக்குப் போய் 2025 ஜனவரியில் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. எங்கள் பகுதியில் இதன் விளைவு வீட்டுக்குள்ளேயே தெரியும். மனைவி கெடாவின் சுங்கை பட்டாணியில் ஆசிரியை, கணவர் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை என்றால், இருவரும் சேர்ந்து வீட்டிலிருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். பிள்ளைகளைச் செபராங் பிறையில் சேர்ப்பதா, பாலமோ படகோ தேவைப்படாத எல்லைக்கு அப்பால் கெடாவின் கூலிமில் சேர்ப்பதா என்பதைக்கூட இதைப் பார்த்தே முடிவு செய்யும் குடும்பங்கள் உண்டு.

இனியும் மாறுமா என்று கேட்டீர்கள். தொடக்க மாதத்தை மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை. தேர்வும் வரவு செலவுத் திட்டமும் பள்ளியும் மீண்டும் ஒரே ஆண்டுக்குள் வந்துவிட்டன. ஆனால் தவணைகளுக்கு இடையிலான விடுமுறைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே வருவதால், நோன்புப் பெருநாள் ஏறத்தாழ 33 ஆண்டில் நம் நாட்காட்டியை ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது. 2024-இல் பள்ளி திறந்த மறுநாளே நோன்பு தொடங்கியது. 2030-இல் நோன்பு ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கும். சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் பிப்ரவரி முதல் வாரத்தில் அடுத்தடுத்து வரும். அந்த ஆண்டில் உங்கள் மகள் ஐந்தாம் ஆண்டில் இருப்பாள். பள்ளி திறந்த சில வாரங்களிலேயே நீண்டதொரு விடுமுறை வரக்கூடும் என்பதால், அந்த ஆண்டுக்கான நாட்காட்டி வெளியாகும்போது முதல் தவணையின் தேதிகளைப் பார்த்துவிட்டே ஊர்ப் பயணத்துக்கும் வகுப்புகளுக்கும் பணம் கட்டுங்கள்.